ரஷ்யமா, டச்சா? தமிழர் ஒருவர் கற்கத் தொடங்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த இரண்டு மொழிகளையும் ஏன் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்?

ஒரே ஆளுக்கு இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்வது அரிது என்று முதலில் தோன்றும். ஆனால் நம் குடும்பங்களில் அது நடக்கத்தான் செய்கிறது. ஒரே வீட்டில் தம்பி ரஷ்யாவில் மருத்துவம் படிக்கக் கிளம்புகிறான். அக்காவுக்கு நெதர்லாந்தில் சிப் தயாரிப்பு இயந்திரங்கள் செய்யும் நிறுவனமொன்றில் வேலை கிடைக்கிறது. வெளிநாடு போகும் எண்ணமே இல்லாமல், ஐரோப்பிய மொழி ஒன்றைக் கற்றுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "டச்சு எளிது, ரஷ்யம் கடினம்." அந்தப் பதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குக் கணக்கு வேறு. எங்கே வேறு, எவ்வளவு வேறு என்பதைக் காட்டவே இந்தக் கேள்வி பதில்கள்.

எதைக் கற்க எவ்வளவு காலம் ஆகும்?

அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் வெளிநாட்டுச் சேவைப் பயிற்சி நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன்படி, பணிக்குப் போதுமான தேர்ச்சி பெற டச்சு மொழிக்கு ஏறத்தாழ 600 வகுப்பு மணிநேரமும் ரஷ்ய மொழிக்கு ஏறத்தாழ 1,100 வகுப்பு மணிநேரமும் வேண்டும். வீட்டுப் பாடத்துக்குச் செலவாகும் நேரம் தனி. இந்த எண்களைப் பலரும் அப்படியே எடுத்தாளுகிறார்கள். ஆனால் அவை ஆங்கிலம் பேசி வளர்ந்த, ஏற்கெனவே மொழி கற்ற அனுபவமுள்ள அதிகாரிகள் முழுநேர வகுப்பில் அமர்ந்து கற்பதை வைத்து வந்தவை. ஆங்கிலமும் டச்சும் ஒரே மேற்கு ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தவை. அந்த உறவுதான் 600 என்ற எண்ணில் தெரிகிறது.

நல்ல ஆங்கிலம் அறிந்த தமிழருக்கும் டச்சு விரைவாக வரும் என்பதில் ஐயமில்லை. ரஷ்யத்துக்கு அதைவிடக் கூடுதல் காலம் ஆகும் என்பதும் உண்மைதான். எனினும், ஆங்கிலேயரை முதல் ஆண்டு முழுவதும் திணறடிக்கும் பல இடங்களைத் தமிழர் எளிதாகக் கடந்துவிடுவதால், இடைவெளி அந்த எண்கள் காட்டும் அளவுக்குப் பெரிதாக இருக்காது என்பது என் கருத்து.

இவை எங்கெல்லாம் பேசப்படுகின்றன?

டச்சு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 2.5 கோடிப் பேர். நெதர்லாந்து, பெல்ஜியத்தின் வடபகுதியான பிளாண்டர்ஸ், தென் அமெரிக்காவில் சூரினாம் ஆகியவற்றில் அது ஆட்சிமொழி. கரீபியத் தீவுகளான அரூபா, குராசாவ், சின்ட் மார்ட்டன் ஆகியவற்றிலும் ஆட்சிமொழித் தகுதி உண்டு. ரஷ்யத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 கோடிப் பேர். அதை இரண்டாம் மொழியாகப் பேசுவோர் பெலாரூஸ் முதல் கசக்ஸ்தான், கிர்கிஸ்தான் வரை பரவியிருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளில் ரஷ்யம் ஒன்று. கிர்கிஸ்தானின் தலைநகரான பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கும் நம் மாணவர்கள் கடையிலும் மருத்துவமனையிலும் கேட்பது பெரும்பாலும் ரஷ்யம்தான்.

ரஷ்ய எழுத்துகளைக் கற்பது பெரும்பாடா?

இல்லை. சிரிலிக் நெடுங்கணக்கில் 33 எழுத்துகள். உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்துகளைச் சிறுவயதில் கற்றவருக்கு இது ஒரு வார வேலை. ஆங்கில எழுத்துப்போலத் தோன்றி வேறு ஒலி தரும் எழுத்துகள்தான் குழப்பும். ஆங்கிலப் 'பி'யைப் போன்றது 'ர்' என்று ஒலிக்கும். 'எச்' போன்றது 'ன்'. 'சி' போன்றது 'ஸ்'. உணவகப் பலகையில் 'ரெஸ்தரான்' என்று எழுதியிருப்பதைப் புதியவர்கள் 'பெக்டோபா' என்று படிப்பது மாஸ்கோவில் பழைய கதை. கையெழுத்து வடிவங்கள் அச்சிலிருந்து விலகியிருப்பதால் அவற்றைத் தனியே பழக வேண்டும். மருத்துவ மாணவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எழுத்தைவிட அழுத்தம்தான் உண்மையான தொல்லை. ரஷ்யச் சொல்லில் ஏதேனும் ஓர் அசை மட்டும் அழுத்தம் பெறும். அது எந்த அசை என்று சாதாரண அச்சில் குறிக்க மாட்டார்கள். அழுத்தம் பெறாத 'ஓ' வலுவிழந்து 'அ' ஆகிவிடும். பாலுக்கான சொல்லை 'மொலொகோ' என்று எழுதி 'மலகோ' என்று சொல்கிறார்கள். 'ஸாமக்' என்று முதலசையை அழுத்தினால் கோட்டை, 'ஸமோக்' என்று இரண்டாம் அசையை அழுத்தினால் பூட்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றே. ஒவ்வொரு புதிய சொல்லையும் அழுத்தத்தோடு சேர்த்தே மனத்தில் பதிய வைப்பது தவிர வேறு வழியில்லை.

டச்சு எழுத்துமுறை எப்படி?

ரோமன் எழுத்துகளே என்பதால் தொடக்கம் உடனே. ஆங்கிலத்தின் தாறுமாறான எழுத்துக்கூட்டலும் இதில் கிடையாது. குறில், நெடில் வேறுபாடே இதன் அடிப்படை. 'மன்' என்றால் ஆண், 'மான்' என்றால் நிலா. பன்மையில் குறிலைக் காக்க அடுத்த மெய்யை இரட்டித்து எழுதுவார்கள். நெடிலாக இருந்தால் ஒற்றை மெய்யோடு விடுவார்கள். ஆங்கிலேயர் இந்த விதியோடு வாரக்கணக்கில் போராடுவார்கள். கல்லுக்கும் காலுக்கும் வேறுபாடு தெரிந்த நமக்கு அதன் காரணம் ஒரே பாடத்தில் விளங்கிவிடும்.

உச்சரிப்பில் எது நமக்கு வசதி?

இரண்டிலும் வசதியும் உண்டு, இடர்ப்பாடும் உண்டு. இரண்டுக்கும் பொதுவான இடரை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்து 'ப'வுக்கும் அதன் அதிர்வொலி வடிவத்துக்கும் ('அன்பு' என்பதில் ஒலிப்பது) தனி எழுத்துத் தருவதில்லை. இவ்விரு மொழிகளிலும் அவை வெவ்வேறு எழுத்துகள், வெவ்வேறு பொருள்கள். சொல்லின் இறுதியில் மட்டும் இரண்டு மொழிகளுமே அதிர்வொலியை வல்லொலியாக மாற்றிவிடுகின்றன என்பது நமக்குச் சிறு ஆறுதல்.

ரஷ்யத்தின் 'ர' நம்முடைய 'ர'வுக்கும் 'ற'வுக்கும் நெருக்கமானது. வெளிநாட்டார் பலரும் அஞ்சும் ஓர் உயிரொலி ரஷ்யத்தில் உண்டு: நாக்கை உள்ளிழுத்து, உதட்டைக் குவிக்காமல் சொல்லும் ஒருவகை 'இ'. அதை ஆங்கிலேயருக்கு விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நாம் 'அது', 'காசு' என்று சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரத்தை நீட்டிப் பாருங்கள். ஏறக்குறைய அங்கே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். சிரமம் தருவது மெய்களின் வன்மை மென்மை இணைதான். 'ப்ராத்' என்பதன் ஈற்று மெய் வன்மையாக இருந்தால் சகோதரன். நாவை மேலண்ணத்தை நோக்கி உயர்த்தி அதையே மென்மையாகச் சொன்னால் 'எடுத்தல்'. இது காதில் விழவே சில மாதங்கள் ஆகும். மெய்கள் அடுக்கடுக்காக நெருங்கி வருவதும், உயிரைச் செருகிப் பேசப் பழகிய நம் நாவுக்குப் பயிற்சி தேவைப்படும் இடம்.

டச்சில் பேர்போன ஒலி தொண்டையிலிருந்து வரும் 'ஹ்'. நெதர்லாந்தின் வடபகுதியில் அது கரகரப்பாக இருக்கும். தெற்கே பிரபாண்ட், லிம்புர்க் மாநிலங்களிலும் பிளாண்டர்ஸிலும் மென்மையாக இருக்கும். 'பகல்', 'அகம்' என்னும் சொற்களில் இடையில் வரும் ககரத்தை நாம் உரசலாகச் சொல்கிறோமே, அந்த மென்வடிவத்துக்கு அது வெகு அருகில் வருகிறது. ஆகவே இந்த ஒலி நமக்குப் பூதமில்லை. உண்மையான இடர் அதன் உயிரொலிகள்: உதட்டைக் குவித்து நாக்கை முன்னே வைத்துச் சொல்லும் இரண்டு மூன்று உயிர்களுக்கும், 'வீடு' என்னும் சொல்லில் வரும் கூட்டுயிருக்கும் தமிழில் ஈடே இல்லை.

ரஷ்யத்தில் ஆறு வேற்றுமைகள் உண்டாமே? அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ரஷ்யத்தைக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் இந்த வதந்திக்கே அஞ்சிக் கைவிட்டவர்கள்.

தமிழ் இலக்கணம் எட்டு வேற்றுமைகளை எண்ணுகிறது. மாஸ்கோவில், மாஸ்கோவுக்கு, மாஸ்கோவிலிருந்து என்று பெயரின் ஈற்றை மாற்றிப் பொருளை மாற்றுவது நமக்கு மூச்சுவிடுவது போன்றது. ரஷ்யர் 'வ் மஸ்க்வே', 'வ் மஸ்க்வூ', 'இஸ் மஸ்க்வீ' என்பார்கள். முன்னால் ஒரு சிறு சொல் வருவதும் ஈறு மாறுவதும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. 'பெயருக்கு ஏன் ஈறு மாற வேண்டும்?' என்று ஆங்கிலேயர் கேட்கும் கேள்வியே நமக்கு எழுவதில்லை.

ஒற்றுமை இன்னும் ஆழமானது. 'எனக்குக் குளிர்கிறது' என்பதை ரஷ்யர் 'ம்ன்யே ஹோலத்ன' என்கிறார்கள்; 'ம்ன்யே' என்பது 'எனக்கு' என்பதேதான். 'எனக்கு இருபது வயது' என்பது 'ம்ன்யே த்வாத்ஸத் லெத்'. பிடிக்கும் என்பதற்கும் அதே 'எனக்கு'தான். 'எனக்கு ஒரு சகோதரன் உண்டு' என்பது 'உ மின்யா யெஸ்த் ப்ராத்': 'யெஸ்த்' என்பது நம் 'உண்டு', 'நெத்' என்பது நம் 'இல்லை'. 'நான் மாணவன்' என்ற வாக்கியத்தில் நடுவே வினைச்சொல் எதுவும் தேவையில்லை என்பது நமக்கும் ரஷ்யருக்கும் ஒன்றே. 'ஒரு', 'அந்த' என்று ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒட்டவேண்டிய ஆங்கிலச் சுட்டிடைச்சொற்களும் ரஷ்யத்தில் கிடையாது.

மற்றொன்று எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் 'படம் பார்த்தேன்' என்று ஐகார உருபு இல்லாமல் சொல்லலாம். 'பையன் பார்த்தேன்' என்று சொல்ல முடியாது, 'பையனைப் பார்த்தேன்' என்றே சொல்ல வேண்டும். ரஷ்யத்தில் ஆண்பால் பெயர்களுக்கு இதே போன்ற விதி உண்டு: உயிரற்ற பொருள் செயப்படுபொருளாக வந்தால் ஈறு மாறாது, உயிருள்ளது வந்தால் மாறும். நாம் உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கும் கோட்டை அவர்கள் சற்றுத் தள்ளிப் போட்டு விலங்குகளையும் மேல்பக்கம் சேர்த்துக்கொள்கிறார்கள். வந்தான், வந்தாள், வந்தது என்று வினை பால் காட்டுவதும் ரஷ்ய இறந்தகாலத்தில் உண்டு: 'ப்ரிஷோல்', 'ப்ரிஷ்லா', 'ப்ரிஷ்லோ'. ஒரு படி மேலே போய், 'நான் வந்தேன்' என்று சொல்லும் பெண்ணும் 'ப்ரிஷ்லா' என்றே சொல்ல வேண்டும்.

அப்படியானால் கடினம் எங்கே? தமிழில் 'ஐ', 'கு', 'இல்' ஆகிய உருபுகள் எந்தப் பெயரோடும் மாறாமல் ஒட்டும். ரஷ்யத்திலோ ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என்னும் மூன்றுக்கும், ஒருமை பன்மைக்கும் ஈறு வேறுபடும். பொருளே இல்லாமல் 'மேசை' ஆண்பால், 'புத்தகம்' பெண்பால், 'சன்னல்' ஒன்றன்பால். 'பெரிய வீட்டில்' என்னும்போது நம் 'பெரிய' அசைவதில்லை. அவர்களுடைய பெயரடையும் சேர்ந்தே திரியும். எண்ணிக்கையும் விட்டுவைக்காது: 'ஓர் ஆண்டு' என்பதில் 'கோத்', 'இரண்டு ஆண்டு' என்பதில் 'கோத', 'ஐந்து ஆண்டு' என்பதில் முற்றிலும் வேறான 'லெத்'. கருத்து நமக்குப் பழையது, அட்டவணைதான் புதியது. அட்டவணையை மனனம் செய்ய முடியும். அந்நியமான கருத்தை உள்வாங்குவதே அரிது. அந்தப் பாதி வழியை நாம் பிறக்கும்போதே கடந்து வந்திருக்கிறோம்.

ரஷ்ய வினைச்சொற்கள்?

இதுதான் மலையின் செங்குத்தான பக்கம். ஏறக்குறைய ஒவ்வொரு வினைக்கும் இரட்டை வடிவம் உண்டு. ஒன்று செயல் நடந்துகொண்டிருப்பதை அல்லது வழக்கமாக நிகழ்வதைச் சொல்லும், மற்றது செயல் முற்றுப்பெற்றதைச் சொல்லும். 'சிதால்' என்றால் படித்தான், படித்துக்கொண்டிருந்தான். 'ப்ரசிதால்' என்றால் படித்துமுடித்தான். நாம் 'விடு', 'முடி', 'கொண்டிரு' ஆகிய துணைவினைகளால் செய்வதை அவர்கள் முன்னொட்டாலோ பின்னொட்டாலோ செய்கிறார்கள். 'படித்தேன்' என்பதற்கும் 'படித்துவிட்டேன்' என்பதற்கும் உள்ள நுண்வேறுபாட்டை உணர்ந்தவருக்கு இதன் உயிர்நாடி பிடிபடும். ஆனால் எந்த வினைக்கு எந்த முன்னொட்டு என்பதை ஒவ்வொன்றாகத்தான் கற்க வேண்டும்.

இயக்க வினைகள் தனி உலகம். நடந்து போவதற்கு ஒரு சொல், வண்டியில் போவதற்கு வேறு சொல். ஒரு திசையில் இப்போது போய்க்கொண்டிருப்பதற்கு ஒன்று, போய்வருவதற்கு அல்லது அடிக்கடி போவதற்கு இன்னொன்று. ஆக 'போ' என்ற ஒரு சொல்லின் இடத்தில் 'இத்தி', 'ஹதீத்', 'யேஹத்', 'யேஸ்தித்' என்று நான்கு நிற்கின்றன. இதற்கு அவசரப்படாமல் ஓராண்டு கொடுங்கள்.

எழுத்து ரஷ்யத்துக்கு வந்தால் நிலம் மீண்டும் சமதளமாகிறது. 'நேற்று வந்த மனிதர்' என்று பெயரெச்சத்தை முன்னிறுத்துவதும், 'வந்து', 'பார்த்து' என்று வினையெச்சத்தால் வாக்கியத்தைத் தொடர்வதும் ரஷ்ய உரைநடையில் இயல்பு. பலரும் கடைசியில் கற்கும் அந்தப் பாடம் நமக்குச் சொந்த வீட்டு முற்றம்.

டச்சு இலக்கணத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

டச்சுப் பெயர்கள் வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டன. சில பழந்தொடர்களில் மட்டும் அவற்றின் எச்சம் தெரியும். கவனிக்க வேண்டியது சொல்வரிசை. தலைமை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தை விட்டு அசையாது: 'இக் லேஸ் ஃபண்டாஹ் என் பூக்', அதாவது 'நான் - படிக்கிறேன் - இன்று - ஒரு - புத்தகம்'. 'இன்று' என்பதை முன்னால் கொண்டுவந்தால் 'நான்' வினைக்குப் பின்னால் போய்விடும். ஆனால் 'ஏனெனில்' என்று ஒரு துணை வாக்கியத்தைத் தொடங்கியவுடன் வினை கடைசிக்கு ஓடுகிறது: 'ஓம்டத் இக் ஃபண்டாஹ் என் பூக் லேஸ்'. முதல் சொல்லை நீக்கிவிட்டுப் பாருங்கள்: 'நான் இன்று ஒரு புத்தகம் படிக்கிறேன்.' சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை. ஆங்கிலம் வழியாக டச்சு கற்பவர் இங்கே தடுக்கி விழுவார். தமிழர் ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழில் நினைத்தால் விழ மாட்டார். டச்சு வகுப்பில் நம்மவர்கள் செய்யும் பெரும் தவறு, எல்லாவற்றையும் ஆங்கிலத்தின் வழியே அணுகுவதுதான்.

அடுத்தது பெயரின் முன் வரும் 'டெ', 'ஹெட்' என்னும் இரண்டு சுட்டுகள். எந்தப் பெயருக்கு எது என்பதற்கு முழுமையான விதி இல்லை. பெரும்பான்மைப் பெயர்கள் 'டெ' பெறும், குறுமைப்பொருள் ஈறு பெற்றவை எல்லாம் 'ஹெட்' பெறும். தவறினால் பொருள் கெடாது. ஆனால் பெயரடையின் ஈறும் தவறும், பேசுபவர் வெளியூரார் என்பதும் தெரிந்துவிடும். பிரியும் வினைகளும் உண்டு: 'ஓப்பெல்லன்' என்றால் தொலைபேசியில் அழைத்தல், வாக்கியத்தில் 'பெல்' முன்னே நிற்க, 'ஓப்' கடைசி வரை தள்ளிப்போகும். கடைசிச் சொல் வரும்வரை காத்திருந்து பொருள்கொள்வது, வினையை இறுதியில் வைக்கும் நமக்குப் பழகிய பொறுமைதான்.

எல்லாவற்றிலும் நுட்பமானவை சிறு சொற்கள். 'கோம் ஹீர்' என்றால் 'இங்கே வா'. 'கோம் என்ஸ் ஏஃபன் ஹீர்' என்றால் 'கொஞ்சம் இங்கே வாயேன்'. அந்த 'என்ஸ்', 'ஏஃபன்', 'டோஹ்', 'வெல்', 'மார்' முதலியவற்றை அகராதியில் தேடினால் பயனில்லை. நம் 'தான்', 'ஆவது', ஏகாரம் போலக் குரலின் சாயலை மாற்றுவதே அவற்றின் வேலை. 'நான் வந்தேன்', 'நான்தான் வந்தேன்', 'நானாவது வந்தேன்' ஆகியவற்றின் வேறுபாட்டை வெளிநாட்டவருக்கு விளக்க முயன்றவருக்கு டச்சுக்காரரின் நிலை புரியும்.

ஆங்கிலம் தெரிந்திருப்பது எவ்வளவு உதவும்?

டச்சுக்கு மிகவும் உதவும். தண்ணீர், புத்தகம், ஆப்பிள், கை போன்ற அன்றாடச் சொற்கள் ஆங்கிலத்தோடு ஒட்டியே இருக்கின்றன. ஏமாற்றுபவையும் உண்டு: 'ஸ்லிம்' என்றால் ஒல்லி அல்ல, புத்திசாலி, 'வீ' என்றால் 'நாம்' அல்ல, 'யார்'. ரஷ்யத்திலும் ஏமாற்றுச் சொற்கள் உண்டு. 'மகஸீன்' என்பது இதழ் அல்ல, கடை. 'ஃபமீலியா' என்பது குடும்பம் அல்ல, குடும்பப் பெயர். மருத்துவ மாணவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது: ரஷ்ய நோயாளி 'அங்கீனா' என்றால் நெஞ்சுவலியைச் சொல்லவில்லை, தொண்டைச் சதை அழற்சியைச் சொல்கிறார்.

ரஷ்யச் சொற்களில் வடமொழிச் சாயல் அங்கங்கே தென்படும், இரண்டும் இந்தோ ஐரோப்பியக் குடும்பம் என்பதால். கதவுக்கு 'த்வேர்' என்பதைக் கேட்டால் 'துவாரம்' நினைவுக்கு வரும். தேநீர் விஷயத்தில் இரு மொழிகளும் இரு வழி: தரைவழியே போன 'சாய்' ரஷ்யத்தில், கடல்வழியே போன 'தே' டச்சில்.

தமிழுக்கும் டச்சுக்கும் பழைய உறவு உண்டா?

உண்டு, அதுவும் இலங்கைத் தமிழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களது ஆட்சி 1790களின் நடுப்பகுதி வரை நீடித்தது. அங்குள்ள வழக்கங்களைத் தேசவழமைச் சட்டமாகத் தொகுத்ததும் 1707இல் அவர்கள் காலத்தில்தான். அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பவர் டச்சுச் சொல்லைத்தான் சொல்கிறார். போஞ்சிக்காயின் 'போஞ்சி'யும், உறுதி எழுதும் 'நொத்தாரிசு'ம் அங்கிருந்து வந்தவையே. ஆக யாழ்ப்பாணத்தார் முதல் வகுப்புக்குப் போகுமுன்பே சில டச்சுச் சொற்களைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

ரஷ்யத்தோடு?

இந்த உறவு நூல்வழி உறவு. சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழில் அச்சிட்ட நூல்கள் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே நம் சிற்றூர்கள்வரை வந்தன. நல்ல தாள், கட்டிய அட்டை, மிகக் குறைந்த விலை. ஒரு தலைமுறைக்கே ரஷ்யப் பனியும் புல்வெளியும் தமிழில் அறிமுகமாயின. அங்கிருந்தும் தமிழை நோக்கி ஆட்கள் வந்தார்கள்: மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி 2020இல் மறைந்தார். சென்னையில் உள்ள ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் ரஷ்ய மொழி வகுப்புகள் நீண்ட காலமாக நடக்கின்றன. அந்த மொழிபெயர்ப்புகளில் வளர்ந்து, மூலத்தை ஒருநாள் படிக்க வேண்டும் என்ற ஆசையோடு இருப்பவருக்கு ரஷ்யத்தைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நெதர்லாந்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்களே, டச்சு எதற்கு?

வேலைக்குச் சேரவும் முதல் ஆண்டைக் கழிக்கவும் ஆங்கிலம் போதும் என்பது உண்மைதான். ஆனால் குழந்தையின் பள்ளியிலிருந்து வரும் கடிதம், நகராட்சியின் கடிதம், வரித் துறையின் உறை எல்லாம் டச்சில் வரும். மதிய உணவு மேசையில் உரையாடல் டச்சுக்கு மாறும்போது அமைதியாக உட்கார்ந்திருப்பவரின் தனிமையை அனுபவித்தவரே அறிவார்.

இன்னொரு இடர் உண்டு. நீங்கள் தடுமாறி டச்சில் பேசத் தொடங்கியதும் எதிரில் இருப்பவர் உதவும் எண்ணத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ரஷ்யாவில் இது நடக்காது. மாஸ்கோ மையப்பகுதியைத் தாண்டினால் ரஷ்யமே கதி, அந்தக் கட்டாயமே ஆசிரியர். டச்சு கற்பவர் அந்தக் கட்டாயத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். 'டச்சில் பேசலாமா, நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஒத்துழைப்பார்கள். பொது நூலகங்களில் நடக்கும் மொழிக் கூடுகைகளும் சிறுவர்களுக்கான தொலைக்காட்சிச் செய்திகளும் செலவில்லாத நல்ல துணைகள்.

சட்டமும் உண்டு. 2022 சனவரி முதல் நடப்பிலுள்ள குடியேற்ற ஒருங்கிணைப்புச் சட்டம், அதற்குட்பட்ட புதியவர்களுக்குப் பி1 நிலையை (ஐரோப்பிய மொழித் தேர்ச்சி அளவீட்டில் இடைநிலை) பொது இலக்காக வைக்கிறது. உயர்திறன் பணியாளராக வருபவர்களை அது கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அவர்களும் பின்னாளில் குடியுரிமை கோரும்போது மொழித் தேர்வை எழுத வேண்டியிருக்கும். விதிகள் மாறக்கூடியவை; விண்ணப்பிக்கும் ஆண்டின் அரசு அறிவிப்பையே நம்புங்கள்.

ரஷ்யாவில் மருத்துவம் ஆங்கிலவழியில்தானே? ரஷ்யம் எதற்கு?

2021ஆம் ஆண்டு இந்திய ஒழுங்குமுறை, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஆங்கிலவழியில் குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும் என்றும், அதன்பின் 12 மாதப் பயிற்சி மருத்துவர் காலத்தை அதே நிறுவனத்தில் முடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம்; படுக்கையில் இருக்கும் பாட்டி ரஷ்யத்தில்தான் வலியைச் சொல்வார். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, குத்துகிறதா எரிகிறதா என்று கேட்கத் தெரியாதவர் மருத்துவமனை வகுப்பில் சுவரோரம் நின்றே காலம் கழிப்பார். முதல் இரண்டு ஆண்டுகளில் ரஷ்ய வகுப்பை ஒப்புக்குச் செல்லும் பாடமாக எண்ணிவிடாதீர்கள் என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் மாணவரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2022 முதல் வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாததால், வங்கியிலும் கடையிலும் சொந்த வாயால் பேசித் தீர்க்க வேண்டியவையும் கூடியிருக்கின்றன.

என்னென்ன தேர்வுகள்?

ரஷ்யத்துக்கு அரசு அங்கீகாரம் பெற்ற ஆறு நிலைத் தேர்வு இருக்கிறது. ரஷ்யவழியில் இளநிலைப் படிப்பில் சேர வழக்கமாகக் கேட்கப்படுவது பி1க்கு இணையான முதல் சான்றிதழ் நிலை. டச்சுக்கு நெதர்லாந்தின் அரசுத் தேர்வு இரு திட்டங்களாக நடக்கிறது: முதலாவது பி1, இரண்டாவது பி2.

மரியாதைச் சொற்கள் எப்படி?

இரண்டிலும் நீ, நீங்கள் வேறுபாடு உண்டு. டச்சுக்காரர்கள் அலுவலகத்தில் விரைவில் 'நீ'க்கு மாறிவிடுவார்கள். முதியவரிடமும் மருத்துவரிடமும் 'யூ' என்னும் மரியாதை வடிவமே பொருத்தம். ரஷ்யர் எளிதில் மாற மாட்டார்கள். ஆசிரியரை அவரது பெயரோடு தந்தைவழிப் பெயரையும் சேர்த்தே அழைக்க வேண்டும்: பியோத்தர் என்பவரின் மகன் இவானென்றால் 'இவான் பித்ரோவிச்'. தந்தை பெயரின் முதலெழுத்தைச் சுமந்து திரியும் நமக்கு இது விளக்கமே தேவைப்படாத வழக்கம்.

பெல்ஜியத்தில் பேசுவது வேறு மொழியா?

எழுத்து மொழி ஒன்றே. 1980இல் நெதர்லாந்தும் பெல்ஜியமும் செய்த உடன்படிக்கையால் ஒரு பொது மொழி அமைப்பு உருவானது. பின்னர் சூரினாமும் இணைந்தது. பேச்சில் ஒலியும் சில சொற்களும் வேறுபடும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ளதைவிடக் குறைவான தூரம் என்றே சொல்வேன்.

இரண்டையும் ஒரே சமயத்தில் கற்கலாமா?

வேண்டாம். ஒன்றில் பி1 வந்தபின் மற்றதைத் தொடங்குங்கள். எங்கே வாழப்போகிறீர்களோ அந்த இடத்தின் மொழிக்கே முதலிடம். அந்தக் கட்டாயம் இல்லாதவர், எந்த மொழியின் நூலைப் படிக்க மனம் ஏங்குகிறதோ அதை எடுக்கலாம். பின்னாளில் ஜெர்மன் கற்க எண்ணுபவருக்கு டச்சு நல்ல படிக்கட்டு. ஆப்பிரிக்கான்ஸ் அதிலிருந்து பிறந்ததே என்பதால் ஏறக்குறைய தானே விளங்கும். ரஷ்யம் அறிந்தவருக்கு உக்ரைனியமும் பெலாரூஸியமும் நெருங்கிய உறவு.

முதல் மூன்று மாதத்தில் என்ன செய்ய வேண்டும்?

ரஷ்யமென்றால் முதல் வாரம் எழுத்து, அடுத்த வாரம் கையெழுத்து. பிறகு ஒவ்வொரு வேற்றுமையையும் தமிழ் உருபோடு இணைத்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். 'எனக்கு' என்று தொடங்கும் பத்து வாக்கியங்களை நாள்தோறும் உரக்கச் சொல்லுங்கள். டச்சு என்றால் பெயர்ச்சொற்களை 'டெ' அல்லது 'ஹெட்' சேர்த்தே எழுதுங்கள், சுட்டில்லாமல் ஒரு பெயரையும் கற்காதீர்கள். ஏனெனில், என்று, போது என வரும் துணை வாக்கியங்களை ஆங்கிலத்திலிருந்து மாற்றாமல் தமிழிலிருந்து நேராக மாற்றிப் பழகுங்கள். எந்த மொழியானாலும் நாளுக்கு அரைமணி நேரமாவது காதால் கேட்க வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த அரைமணியை ஞாயிற்றுக்கிழமையும் விட வேண்டாம்.